உடலுக்குப் பயிற்சி உண்டு, மனத்துக்கு? கல்லூரி விளையாட்டு வீரர்கள் எதிர்கொள்ளும் உளவியல் சவால்கள் - ஒரு விரிவான பார்வை

புதுடெல்லி: அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான தடகளப் போட்டி. 400 மீட்டர் ஓட்டத்தின் தொடக்கக் கோட்டில் எட்டு மாணவிகள் நிற்கின்றனர். அவர்களில் ஒருவர் கடந்த ஒரு மாதப் பயிற்சியில் தொடர்ந்து நல்ல நேரத்தைப் பதிவு செய்தவர் என்று வைத்துக்கொள்வோம். உடலில் காயம் இல்லை. ஓட்டத்தில் குறை இல்லை. ஆனால் துப்பாக்கி ஒலிக்கும் முன்பே அவரது கால்கள் கனக்கின்றன, வாய் உலர்கிறது, மூச்சு மேலேயே நிற்கிறது. ஓட்டம் முடிந்தபோது அவர் ஆறாவது இடம். "பயிற்சியில் புலி, போட்டியில் பூனை" என்ற கேலி அன்று மாலையே தொடங்கிவிடுகிறது.

இக்காட்சி ஒரு கற்பனையே என்றாலும், நாட்டின் எந்தக் கல்லூரி உடற்கல்வி இயக்குநருக்கும் இது அந்நியமானதல்ல. அந்த மாணவிக்குத் திறமை குறைவு என்றோ துணிச்சல் இல்லை என்றோ முடிவு கட்டுவது எளிது. ஆனால் விளையாட்டு உளவியல் தரும் விளக்கம் வேறு. தொடக்கக் கோட்டில் தெரியும் பதற்றம் அந்தக் கோட்டில் பிறப்பதில்லை. வகுப்பறையிலும் விடுதியிலும் வீட்டிலும் பல மாதங்களாகச் சேர்ந்த சுமை, போட்டி நடைபெறும் அந்த ஒரு நிமிடத்தில் வெளிப்படுகிறது. அதைத் தாங்குவதற்கு உடலைப் போலவே மனத்துக்கும் பயிற்சி அளிக்க முடியும். அதே வேளையில், அந்தச் சுமையைக் குறைக்கும் பொறுப்பு மாணவரைச் சுற்றியுள்ளவர்களுக்கும் உண்டு.

ஒரு போட்டி, பல சுமைகள்

தொழில்முறை வீரருக்கு விளையாட்டே தொழில். கல்லூரி வீரரின் நிலை அப்படியல்ல. அவர் ஒரே நேரத்தில் மாணவராகவும் வீரராகவும் இருக்க வேண்டியுள்ளது. அதிகாலை ஐந்தரை மணிக்கு மைதானம், ஒன்பது மணிக்கு வகுப்பு, மாலையில் மீண்டும் பயிற்சி, இரவில் செய்முறைப் பதிவேடு என்பதே பலரது அன்றாடம். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தேர்வு எழுத 75 சதவீத வருகைப்பதிவு தேவைப்படுகிறது. போட்டிக்காக வெளிமாநிலம் செல்லும் நாள்களுக்கு வருகைப்பதிவு வழங்கப்பட்டாலும், தவறவிட்ட பாடங்களை யாரும் திரும்ப நடத்துவதில்லை.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு மண்டல அளவிலும் அகில இந்திய அளவிலும் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிகளை நடத்தி வருகிறது. இவற்றுடன், 2020-ஆம் ஆண்டு ஒடிசா தலைநகர் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகளும் சேர்ந்துள்ளன. பெங்களூரு, உத்தரப் பிரதேசம், வடகிழக்கு மாநிலங்கள், ராஜஸ்தான் என அடுத்தடுத்த பதிப்புகள் நடைபெற்றதால், கல்லூரி விளையாட்டின் மீதான கவனம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு உயர்ந்துள்ளது. வாய்ப்பு பெருகியது போலவே எதிர்பார்ப்பும் பெருகியுள்ளது.

அந்த எதிர்பார்ப்புக்குப் பின்னால் வாழ்க்கைக் கணக்கும் இருக்கிறது. இப்போட்டிகளில் பெறும் சான்றிதழ், விளையாட்டு ஒதுக்கீட்டின் கீழ் மேற்படிப்புக்கும் அரசுப் பணிக்கும் உதவக்கூடியது. ரயில்வே, காவல்துறை, பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றில் விளையாட்டு வழியாக வேலை பெறுவது எளிய குடும்பங்களின் பெருங்கனவு. கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் வீரருக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுத் தொகை வழங்கப்படுகிறது. பல வீடுகளில் அது சிறு தொகையல்ல. ஆகவே 50 வினாடிகளில் முடியும் ஓர் ஓட்டம், அந்த மாணவரைப் பொறுத்தவரை ஓர் ஓட்டம் மட்டுமல்ல. விடுதிக் கட்டணம், தங்கையின் படிப்பு, தந்தையின் கடன், ஊராரின் கேள்வி ஆகிய அனைத்தும் அவருடன் சேர்ந்து ஓடுகின்றன.

உடலுக்குள் நடப்பது என்ன?

முக்கியமான ஒன்று பறிபோகக்கூடும் என்று மூளை கணிக்கும்போது, உடல் அதனை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின், கார்டிசால் ஆகிய ஹார்மோன்கள் சுரக்கின்றன. இதயத் துடிப்பு கூடுகிறது. மூச்சு வேகமாகவும் ஆழமின்றியும் மாறுகிறது. தசைகள் இறுகுகின்றன. விரல்கள் குளிர்ந்து நடுங்குகின்றன. செரிமானம் மந்தமாவதால் வயிற்றைப் பிசைவது போன்ற உணர்வு ஏற்படுகிறது. ஆபத்திலிருந்து தப்பி ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது.

இந்த ஆயத்தம் முழுவதும் தீமையன்று. உளவியலாளர்கள் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் ஆகியோர் 1908-ஆம் ஆண்டு எலிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு, தூண்டுதலுக்கும் செயல்திறனுக்கும் உள்ள தொடர்பை விளக்கும் அடிப்படைகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. தூண்டுதல் மிகக் குறைவாக இருந்தால் செயல் சோர்வுறும். ஓரளவு வரை கூடும்போது செயல்திறனும் கூடும். எல்லையைத் தாண்டினால் சரியத் தொடங்கும். அந்த எல்லை விளையாட்டுக்கு விளையாட்டு மாறுபடும். பளுதூக்கும் வீரருக்கு உதவும் அதே வேகத் துடிப்பு, வில்வித்தை வீரரின் அம்பை இலக்கிலிருந்து விலக்கிவிடும்.

இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும் 'பீட்டா பிளாக்கர்' வகை மருந்துகளைத் துப்பாக்கிச் சுடுதல், வில்வித்தை போன்ற விளையாட்டுகளில் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை தடை செய்துள்ளது. பதற்றம் என்பது வெறும் 'மனப்பிரமை' அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அது முடிவையே மாற்றக்கூடிய உடலியல் நிகழ்வு என்பதை விளையாட்டு விதிகளே ஏற்றுக்கொண்டுள்ளன.

தெரிந்த வித்தை தடுமாறுவது ஏன்?

போட்டிப் பதற்றத்துக்கு இரு முகங்கள் உண்டு என்று விளையாட்டு உளவியல் பிரித்துக் காட்டுகிறது. ஒன்று, மேலே கூறப்பட்ட உடல்சார்ந்த பதற்றம். மற்றொன்று, எண்ணம்சார்ந்த பதற்றம். "தோற்றால் என்ன ஆகும்?", "பயிற்சியாளர் என்ன நினைப்பார்?", "சென்ற முறை போலவே ஆகிவிடுமோ?" என்ற கேள்விகள் மனத்தை நிரப்பும்போது, களத்தில் கவனிக்க வேண்டியவற்றுக்கு இடமில்லாமல் போகிறது.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் இருக்கிறது. பல ஆயிரம் முறை செய்து பழகிய அசைவு, சிந்தனையின் உதவியின்றித் தானாகவே நிகழும். மாடிப்படியில் இறங்கும்போது ஒவ்வொரு காலையும் எங்கே வைப்பது என்று யாரும் யோசிப்பதில்லை. யோசித்தால் தடுமாற்றம் வரும். நெருக்கடியான நேரத்தில் தவறு நேரக்கூடாது என்ற அச்சத்தால் வீரர் தமது ஒவ்வோர் அசைவையும் கண்காணிக்கத் தொடங்குகிறார். மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது, பந்தை எப்போது விடுவது என்று மனம் தலையிடத் தொடங்கியதும், தானாக நிகழ்ந்த வித்தை துண்டு துண்டாக உடைகிறது. அமெரிக்க உளவியலாளர் சியான் பெய்லாக் உள்ளிட்டோர் இது குறித்து விரிவாக ஆய்வு செய்துள்ளனர்.

பயிற்சியில் சிறந்து விளங்குபவர் போட்டியில் சரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கவனக்குறைவால் அவர் சரியவில்லை. தவறான இடத்தில் அளவுக்கு மீறிய கவனம் செலுத்தியதால் சரிந்தார். "இன்னும் கவனமாக ஆடு" என்று எல்லைக் கோட்டுக்கு வெளியிலிருந்து எழும் கூச்சல், பல நேரங்களில் எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகவே முடிகிறது.

டோக்கியோவிலிருந்து பாரிஸ் வரை

இந்தியக் கல்லூரி மாணவர்களுக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு, துப்பாக்கிச் சுடுதல் வீராங்கனை மனு பாக்கர். ஹரியானா மாநிலம் ஜஜ்ஜர் மாவட்டத்தைச் சேர்ந்த இவர், டெல்லி பல்கலைக்கழகத்தின் லேடி ஸ்ரீராம் கல்லூரியில் அரசியல் அறிவியல் பயின்றவர். 16 வயதிலேயே, 2018-ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டியிலும் இளையோர் ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றதால், 2021-ஆம் ஆண்டு நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் மீதான எதிர்பார்ப்பு உச்சத்தில் இருந்தது.

10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்றில் 75 நிமிடங்களுக்குள் 60 முறை சுட வேண்டும். நடுவில் அவரது துப்பாக்கி பழுதானது. பழுது நீக்கப்படும் வரை கடிகாரம் நிற்கவில்லை. மீண்டும் வந்து சுட்ட அவர் 575 புள்ளிகளுடன் 12-ஆம் இடம் பிடித்தார். முதல் எட்டு பேருக்கு மட்டுமே இறுதிச்சுற்று என்பதால் வாய்ப்பு நழுவியது. அப்போது அவருக்கு வயது 19. அந்த ஏமாற்றத்திலிருந்து மீள நீண்ட காலம் ஆனது என்று அவரே பின்னர் வெளிப்படையாகத் தெரிவித்துள்ளார்.

2023-ஆம் ஆண்டு சீனாவின் செங்டு நகரில் நடைபெற்ற உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில், அதே 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பிரிவில் அவர் தங்கம் வென்றார். அப்போட்டியில் இந்தியா 11 தங்கம் உட்பட 26 பதக்கங்களைக் குவித்தது. அடுத்த ஆண்டு ஜூலை 28 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் 221.7 புள்ளிகளுடன் வெண்கலம் வென்று, துப்பாக்கிச் சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற பெருமையைப் பெற்றார். பின்னர் சரப்ஜோத் சிங்குடன் இணைந்து கலப்புப் பிரிவிலும் வெண்கலம் வென்றார்.

பதக்கம் வென்ற பின் அவர் கூறியதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. பகவத் கீதையைப் படித்து வந்ததாகவும், இறுதித் தருணங்களில் முடிவைப் பற்றி எண்ணாமல் செய்ய வேண்டியதை மட்டும் செய்ய முயன்றதாகவும் அவர் குறிப்பிட்டார். விளையாட்டு உளவியலாளர்கள் இதனையே, முடிவிலிருந்து செயல்முறைக்குக் கவனத்தைத் திருப்புதல் என்கின்றனர். பதக்கம் வீரரின் கட்டுப்பாட்டில் இல்லை. அடுத்த மூச்சும் அடுத்த அசைவும் அவரது கட்டுப்பாட்டில் உள்ளன.

காயம் பறிக்கும் அடையாளம்

போட்டி நாளுக்கு அப்பாலும் சவால்கள் உள்ளன. அவற்றுள் கடுமையானது காயம். முழங்கால் தசைநார் கிழிந்தால், அறுவைச் சிகிச்சைக்குப் பின் களத்துக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகும். மூன்றாண்டு பட்டப்படிப்பில் அது கிட்டத்தட்ட ஒரு முழுப் பருவத்தை விழுங்கிவிடும்.

பள்ளிப் பருவம் முதலே "ஓட்டக்காரர்", "கபடி வீரர்" என்று அழைக்கப்பட்டு வளர்ந்தவருக்கு, விளையாட்டு ஒரு செயல் மட்டுமல்ல, அதுவே அவரது அடையாளம். ஓட முடியாத நிலை வரும்போது "இனி நான் யார்?" என்ற கேள்வி எழுகிறது. அணித் தோழர்கள் வெளியூர் செல்ல, விடுதி அறையில் தனித்திருக்கும் நாள்கள் மனச்சோர்வுக்கு வழிவகுக்கக்கூடும். உடல் குணமான பின்பும் மீண்டும் காயம் படுமோ என்ற அச்சம் தொடர்கிறது. காலை முழு வேகத்தில் ஊன்றத் தயங்கும் வீரருக்கு மீண்டும் அடிபடும் வாய்ப்பு கூடுகிறது. ஆனாலும் பல கல்லூரிகளில் இயன்முறைச் சிகிச்சையோடு மறுவாழ்வு முடிந்துவிடுகிறது. மனம் களத்துக்குத் திரும்பிவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை.

எடைப் பிரிவுகள் உள்ள மல்யுத்தம், குத்துச்சண்டை, ஜூடோ, பளுதூக்குதல் ஆகியவற்றில் வேறொரு நெருக்கடி சேர்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்ற வினேஷ் போகத், 100 கிராம் கூடுதல் எடையால் தகுதி நீக்கம் செய்யப்பட்டதை நாடே கண்டது. உலகத்தர மருத்துவக் குழு உடனிருந்தும் அப்படி நேர்ந்தது. ஊட்டச்சத்து நிபுணரே இல்லாத கல்லூரி அணிகளில், பட்டினி கிடந்தும் தண்ணீரைத் தவிர்த்தும் எடையைக் குறைக்கும் மாணவர்களின் உறக்கம், மனநிலை, தீர்மானிக்கும் திறன் ஆகிய அனைத்தும் பாதிக்கப்படுகின்றன.

வெற்றிக்குப் பின் வரும் வெறுமை

தோல்வி மட்டுமே மனத்தைச் சோர்வுறச் செய்யும் என்று கருதுவதும் தவறு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் தங்கம் வென்று, தனிநபர் பிரிவில் ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் இந்தியரானவர் அபினவ் பிந்த்ரா. தமது வாழ்வின் மிகப்பெரிய மன நெருக்கடி தோல்வியின்போது அல்ல, அந்த வெற்றிக்குப் பின்னரே ஏற்பட்டது என்று அவர் பலமுறை பொதுவெளியில் பேசியுள்ளார். பல ஆண்டுகள் ஒரே இலக்கை நோக்கி வாழ்ந்தவருக்கு, அதை அடைந்ததும் முன்னால் எதுவும் இல்லாதது போன்ற வெறுமை உண்டாகிறது.

கல்லூரி வீரர்களுக்கு இந்த வெறுமை இறுதியாண்டின் முடிவில் வருகிறது. பட்டமளிப்புடன் பல்கலைக்கழக அணி, மைதானம், பயிற்சியாளர், தோழர்கள் ஆகிய அனைத்தும் ஒரே நாளில் முடிந்துவிடுகின்றன. தேசிய அணிக்குச் செல்பவர் மிகச் சிலரே. மீதமுள்ளோருக்கு அந்த மாற்றத்துக்கான வழிகாட்டுதல் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

மாணவர் கையில் இல்லாத காரணங்கள்

மன உறுதி குறித்த பேச்சு முழுவதையும் வீரரின் தோளிலேயே ஏற்றுவது நியாயமாகாது. 2025-ஆம் ஆண்டு ஜூலையில் ஜெர்மனியின் ரைன்-ரூர் பகுதியில் நடைபெற்ற உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிக்கு, இந்தியாவிலிருந்து 12 பேர் கொண்ட பாட்மிண்டன் அணி சென்றது. வீரர்களின் பெயர்கள் முறையாக அளிக்கப்படாததால், அவர்களில் ஆறு பேர் அங்கு சென்றும் களமிறங்க இயலவில்லை. கலப்பு அணிப் பிரிவில் இந்தியா வெண்கலம் வென்றபோதிலும், வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களின் ஏமாற்றம் சமூக வலைதளங்களில் வெளிப்பட்டது. இதையடுத்து விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. எவ்வளவு மூச்சுப்பயிற்சி செய்திருந்தாலும் இத்தகைய இழப்பை ஒரு மாணவரால் முன்கூட்டியே தடுத்திருக்க முடியாது.

பெரிய அளவிலான தவறுகள் அரிதாக இருக்கலாம். சிறிய அளவிலானவை அன்றாடம் நிகழ்கின்றன. கடைசி நேரத்தில் அறிவிக்கப்படும் தேர்வுப் பட்டியல், முன்பதிவு உறுதியாகாத நீண்ட ரயில் பயணம், உறக்கமின்றி இறங்கிய அன்றே போட்டி, பருவத் தேர்வும் மண்டலப் போட்டியும் ஒரே வாரத்தில் வருவது ஆகியவை வீரரின் மனத்தைப் போட்டிக்கு முன்பே களைப்படையச் செய்கின்றன.

மனத்துக்கான பயிற்சி என்பது என்ன?

இந்தச் சூழலில் மாணவர் தம் அளவில் செய்யக்கூடியவையும் உள்ளன. விளையாட்டு உளவியல் பரிந்துரைக்கும் பயிற்சிகள் எளியவை. ஆனால் போட்டி நாளன்று முதன்முறையாகச் செய்தால் பலன் தராதவை. ஓட்டப் பயிற்சியைப் போலவே அவற்றையும் நாள்தோறும் செய்ய வேண்டும்.

முதலாவது, மூச்சு. உள்ளிழுக்கும் நேரத்தைவிட வெளிவிடும் நேரத்தை நீட்டிச் சுவாசிப்பது, உடலை அமைதிப்படுத்தும் நரம்பு மண்டலத்தைத் தூண்டுகிறது. நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுவது ஓர் எளிய முறை. நாள்தோறும் ஐந்து நிமிடம் பழகினால், போட்டிக் களத்தில் இரண்டு மூன்று மூச்சுகளே போதுமானதாகிவிடும்.

இரண்டாவது, மாறாத முன்செயல் ஒழுங்கு. டென்னிஸ் வீரர் சர்வீஸ் போடும் முன் பந்தைத் தரையில் தட்டுவதும், கூடைப்பந்து வீரர் ஃப்ரீ த்ரோவுக்கு முன் ஒரே வகையில் மூச்சு விட்டு வளையத்தைப் பார்ப்பதும் வெறும் பழக்கமல்ல. எந்த மைதானமானாலும், எத்தனை பேர் பார்த்தாலும் மாறாத சில வினாடிகளை அவை உருவாக்குகின்றன. மனத்துக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது.

மூன்றாவது, ஒற்றைச் சொல். உடலின் அசைவுகளைத் துண்டு துண்டாகக் கண்காணிப்பதைத் தவிர்க்க, "சீராக", "முன்னே", "மெதுவாக" போன்ற ஒரு சொல்லை மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும் முறை பயன்படுகிறது. தன்னைத் தானே திட்டிக்கொள்ளும் பேச்சுக்கும் அது மாற்றாக அமைகிறது.

நான்காவது, பதற்றத்துக்குப் புதுப்பெயர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மேடைப்பேச்சு போன்ற நெருக்கடியான செயல்களுக்கு முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் சிறப்பாகச் செயல்பட்டது தெரியவந்தது. இதயம் வேகமாகத் துடிப்பது பயத்தின் அடையாளம் மட்டுமல்ல. உடல் தயாராகிவிட்டது என்பதன் அடையாளமாகவும் அதைக் கொள்ளலாம்.

ஐந்தாவது, பயிற்சியிலேயே நெருக்கடியைப் பழகுதல். வெற்று மைதானத்தில் மட்டுமே பயின்றவருக்கு, கூட்டத்தின் ஆரவாரம் புதிய எதிரி. சக மாணவர்களை நிறுத்திக் கூச்சலிடச் செய்தல், ஒரே ஒரு வாய்ப்பு மட்டும் அளித்தல், புள்ளிப்பலகையை வைத்துப் பயிற்சி செய்தல் ஆகிய எளிய வழிகளில் போட்டிச் சூழலை முன்கூட்டியே உருவாக்க முடியும்.

பயிற்சியாளரும் பெற்றோரும்

மாணவரின் மனநிலையை முதலில் அறியக்கூடியவர் பயிற்சியாளரே. தோல்வி அடைந்த பத்து நிமிடங்களுக்குள் அணியின் முன்னிலையில் குறைகளை அடுக்குவது கற்பிப்பதாகாது. அந்நேரத்தில் மனம் எதையும் ஏற்கும் நிலையில் இருப்பதில்லை. மறுநாள், தனியாக, "எந்த இடத்தில் தடுமாற்றம் தொடங்கியது?" என்று கேட்பது பலனளிக்கும். அடுத்த முறை தடுமாற்றத்தைச் சொல்ல அந்த மாணவர் தயங்கவும் மாட்டார்.

பெற்றோரின் சொற்களுக்கும் எடை உண்டு. "உன்னை நம்பித்தான் இருக்கிறோம்" என்பது அன்பிலிருந்து வரும் சொல்லே. ஆனால் போட்டிக்கு முந்தைய இரவு தொலைபேசியில் அதைக் கேட்கும் பிள்ளைக்கு, அது இன்னொரு சுமையாக மாறக்கூடும். "சாப்பிட்டாயா, தூங்கினாயா, முடிந்ததும் பேசு" என்ற மூன்று சொற்றொடர்கள் அந்த இரவுக்குப் போதுமானவை. வெற்றி பெற்றாலும் இல்லாவிட்டாலும் வீட்டில் தன் இடம் மாறாது என்று அறிந்த பிள்ளை, களத்தில் துணிந்து ஆடும்.

கல்லூரிகளின் கடமை

மாணவர்களின் மனநலம் தொடர்பான வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2025-ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று முக்கியத் தீர்ப்பு வழங்கியது. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா ஆகியோர் அடங்கிய அமர்வு, நாடு முழுவதும் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு 15 வழிகாட்டு நெறிமுறைகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனங்கள், தகுதி பெற்ற மனநல ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறையேனும் மனநலப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என்றும் கூறப்பட்டுள்ளது.

இந்தத் தீர்ப்பு விளையாட்டு வீரர்களுக்கென்று தனியாக வழங்கப்பட்டதல்ல. ஆயினும் அவர்களும் மாணவர்களே. ஆலோசகரின் அறை நிர்வாகக் கட்டடத்தில் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை மட்டும் திறந்திருந்தால், அந்நேரத்தில் வகுப்பிலும் அதற்கு முன்பும் பின்பும் மைதானத்திலும் இருக்கும் வீரருக்கு அது எட்டாக்கனியே. வாரத்தில் ஒரு மாலை ஆலோசகர் மைதானத்துக்கே வருவது பெருஞ்செலவு பிடிக்கும் ஏற்பாடல்ல. மைதானத்தில் அனைவரும் பார்த்துப் பழகிய ஒருவரிடம் பேசுவதில் தயக்கமும் குறையும்.

போட்டிகளுடன் மோதும் தேர்வுகளுக்கு மாற்றுத் தேதி வழங்குவது, தவறிய பாடங்களுக்குத் துணை வகுப்பு நடத்துவது, பயண நாளுக்கும் போட்டி நாளுக்கும் இடையே ஓர் இரவேனும் ஓய்வளிப்பது, காயமடைந்த வீரரை அணிக் கூட்டங்களில் தொடர்ந்து சேர்த்துக்கொள்வது ஆகியவையும் மனநல நடவடிக்கைகளே. துறைசார் வல்லுநர்களை உருவாக்கும் பணியும் தொடங்கியுள்ளது. மணிப்பூரில் அமைந்துள்ள தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உளவியல் முதுநிலைப் படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. எனினும் நாட்டில் உள்ள கல்லூரிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், செல்ல வேண்டிய தொலைவு அதிகம்.

எப்போது உதவி நாட வேண்டும்?

போட்டிக்கு முந்தைய நாள் உறக்கம் வராதது இயல்பு. போட்டி முடிந்து இரண்டு வாரங்கள் கடந்தும் உறக்கமின்மை, பசியின்மை, காரணமற்ற எரிச்சல், விரும்பிய விளையாட்டிலேயே நாட்டமின்மை, நண்பர்களை விட்டு ஒதுங்குதல், படிப்பில் திடீர்ச் சரிவு ஆகியவை தொடர்ந்தால் அது வெறும் போட்டிப் பதற்றமல்ல. மனநல நிபுணரை அணுக வேண்டிய நேரம் அது. வாழ்வதில் பொருளில்லை என்பது போன்ற எண்ணம் ஒருமுறை தோன்றினாலும், இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. உடனடியாக நம்பகமான ஒருவரிடம் சொல்ல வேண்டும்.

மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் நாளின் எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தொடர்பு கொள்ளலாம். தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் ஆலோசனை வழங்கப்படுகிறது.

உதவி கேட்பது வீரருக்கு அழகல்ல என்ற எண்ணம் மெல்ல மாறி வருகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ், மனநலத்தைக் கருதி அணிப் பிரிவு இறுதிப் போட்டியிலிருந்து பாதியில் விலகியபோது கடும் விமர்சனங்களை எதிர்கொண்டார். மூன்றாண்டுகளுக்குப் பின் பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்களுடன் அவர் திரும்பினார். அன்று விலகியது அவரது விளையாட்டு வாழ்வை முடித்துவிடவில்லை.

பல்கலைக்கழக மைதானங்களில் பயிலும் அனைவருக்கும் ஒலிம்பிக் வாய்ப்பு கிட்டப்போவதில்லை. பெரும்பாலானோர் ஆசிரியர்களாகவும் காவலர்களாகவும் அலுவலர்களாகவும் வாழ்வைத் தொடரவிருப்பவர்கள். தொடக்கக் கோட்டில் கால் கனத்து நின்ற அந்த மாணவிக்கு ஆறாவது இடம் கிடைத்தது ஒரு நாளின் முடிவு மட்டுமே. மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு அவர் மீண்டும் மைதானத்துக்கு வருகிறாரா என்பது, முந்தைய மாலையில் அவரிடம் யார், என்ன பேசினார்கள் என்பதைப் பொறுத்தே அமைகிறது.